ரோபோ சண்டைக்கு மலிவான லித்தியம் பேட்டரி: எங்கே வாங்கலாம், எதை ஒதுக்கலாம்

கல்லூரி விழாக்களில் நடக்கும் ரோபோ சண்டைக்கு இயந்திரம் கட்டும் அணிகளின் செலவுக் கணக்கில், மோட்டாருக்கும் உலோகம் வெட்டும் கூலிக்கும் அடுத்த இடம் பேட்டரிக்குத்தான். ஆனால் மோட்டாரைப் பற்றி நாள்கணக்கில் விவாதிக்கும் மாணவர்கள், பேட்டரியை மட்டும் போட்டி நெருங்கும்போது இணையக் கடையில் முதலில் தென்படும் விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். சென்னையில் இத்தகைய அணிகளுக்கு உதவி வருபவன் என்ற முறையில், நம் ஊர் மாணவர்களின் கைக்கு எட்டும் வழிகளை ஒவ்வொன்றாக இங்கே மதிப்பிடுகிறேன். அளவுகோல் ஒன்றுதான்: கொடுக்கும் காசுக்குச் சண்டையின் நடுவில் உண்மையில் எத்தனை ஆம்பியர் கிடைக்கிறது, அதற்காக எத்தனை கிராம் எடையைச் செலவிட வேண்டியிருக்கிறது என்பது. பேக்கின், அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரியின், மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணிக் கொள்ளளவு) எண்ணுக்கு இந்தக் கணக்கில் இரண்டாம் இடம்தான்.

காரணம் எளியது. பெரும்பாலான போட்டிகளில் ஒரு சண்டைக்கு மூன்று நிமிடம்தான். ஒன்றரை கிலோ வகுப்பில் ஓடும் ஓர் இயந்திரத்தின் ஆயுதச் சக்கரம், வேகமெடுக்கும் ஓரிரு நொடிகளில் 30 அல்லது 40 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். வேகம் கூடிய பின் அது இழுப்பது மிகக் குறைவு. இயந்திரத்தை ஓட்டும் சக்கரங்களின் மோட்டார்களையும் சேர்த்து மூன்று நிமிடத்தின் சராசரி 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 500 எம்ஏஎச் மட்டுமே. லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியை 80 விழுக்காட்டுக்கு மேல் காலி செய்வதில்லை என்ற வழக்கத்தையும் கணக்கில் கொண்டால் 625 போதும். ஆகவே நான்கு செல் கொண்ட, அதாவது 4 எஸ், 850 எம்ஏஎச் பேக் ஒன்று இந்த வகுப்புக்குத் தாராளமானது; அது ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ளது. இதே வேலைக்கு 2200 எம்ஏஎச் பேக்கை வைத்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஒன்றரை கிலோ இயந்திரத்தில் நூறு கிராமுக்கு மேல் மிச்சமானால், அந்த எடையில் முன்பக்கத் தகட்டைத் தடிமனாக்கிவிடலாம்.

கொள்ளளவு இவ்வளவு சிறிதாக இருந்தால் போதுமென்றால், விலையைத் தீர்மானிக்க வேண்டியது எது? பேக்கின் உள்தடைதான், அதாவது மின்னோட்டத்துக்குப் பேக்குக்குள்ளேயே எழும் தடை. 3 எஸ் 2200 பேக்குகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் செல்லுக்கு 4 மில்லி ஓம், மற்றொன்றில் 12 மில்லி ஓம் உள்தடை. 50 ஆம்பியர் இழுக்கும்போது முதலாவது 0.6 வோல்ட் சரியும், இரண்டாவது 1.8 வோல்ட் சரியும். இரண்டையும் மேசைமேல் வைத்து ஆயுதத்தைச் சுழற்றிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஏனெனில் முழு வேகத்தில் சுற்றும்போது மின்னோட்டம் குறைவாக இருப்பதால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே உச்ச வேகத்தைத் தருகின்றன. வித்தியாசம் வெளிப்படுவது முதல் மோதலுக்குப் பிறகுதான். அடித்து நின்றுபோன சக்கரம் மீண்டும் வேகம் பிடிக்க மோசமான பேக்கில் நேரம் நீள்கிறது. எதிராளி நெருங்கி வந்து தூக்கிப் போடுவது அந்த இடைவெளியில்தான். தோற்ற அணிகள் பெரும்பாலும் மோட்டாரைக் குறை சொல்கின்றன.

வெப்பமும் இதே கணக்கில்தான் வருகிறது. மூன்று நிமிடமும் 25 ஆம்பியர் ஓடியதற்கு ஈடான உழைப்பு என்று கொண்டால், நல்ல பேக்குக்குள் ஏறத்தாழ 1350 ஜூல் வெப்பமும், மோசமானதற்குள் 4050 ஜூல் வெப்பமும் உருவாகும். 180 கிராம் எடையுள்ள பேக்கில் அது முறையே 7 அல்லது 8 பாகையும், 22 பாகைக்குச் சற்று மேலுமாக வெப்பநிலையை உயர்த்தும். அரங்கமே 35 பாகையில் இருக்கும் நம் ஊரில் இரண்டாவது பேக் 57 பாகையைத் தொட்டுவிடுகிறது. லிப்போவுக்கு 60 என்பது கடக்கக் கூடாத எல்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் நன்றாக ஓடிய ஒரு மலிவு பேக் இங்கே உப்பிப் போவதற்கு இந்தத் தொடக்க வெப்பநிலையும் ஒரு காரணம்.

விற்பனையாளர்கள் உள்தடையை அச்சிடுவதில்லை. சி எண்ணை அச்சிடுகிறார்கள். எம்ஏஎச்சை ஆம்பியராக மாற்றிச் சி எண்ணால் பெருக்கினால் தொடர்ந்து இழுக்கக்கூடிய மின்னோட்டம் வரும் என்பது கணக்கு. 2200 எம்ஏஎச், 30 சி என்றால் 66 ஆம்பியர். இந்த எண்ணை எந்த நிறுவனமும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதால், யார் தயாரிப்பாக இருந்தாலும் அச்சிட்டதில் பாதியை மட்டும் நம்பி வடிவமைப்பதே என் வழக்கம். மிகையை இனங்காண ஒரு குறுக்குவழி உண்டு: பேக்கின் கம்பியையும் கனெக்டரையும் பாருங்கள். 2200 பேக்கில் 100 சி என்று எழுதினால் 220 ஆம்பியர் என்று பொருள். அந்தப் பேக்கில் தொங்குவதோ எக்ஸ்டி 60 கனெக்டர். குறுகிய நேரத்துக்கு 60 ஆம்பியர் வரை தாங்கும் பொருள் அது. தன் வாயிலேயே 60க்கு மேல் வெளியே விட முடியாத பேக்குக்கு 220 என்று பட்டம் சூட்டியவர், மற்ற எண்களில் எவ்வளவு கவனமாக இருந்திருப்பார் என்பதை வாங்குபவரே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வாங்கும் வழிகளுக்கு வருவோம். மாணவர் அணிகளில் பெரும்பாலோர்க்கு முதல் வாசல் உள்நாட்டு இணையக் கடைகள்தான். புனேயிலிருந்து இயங்கும் ரோபு, குஜராத்திலிருந்து இயங்கும் ரோபோகிட்ஸ் போன்றவை பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவை. ஆரஞ்சு, போங்கா என்ற பெயர்களில் கிடைப்பவை நம் கல்லூரி ஆய்வகங்களில் மிகவும் பழக்கமான பேக்குகள். ஷென்சென் நகரின் கிரெப்போ நிறுவனத்தின் டாட்டு முத்திரை கொண்டவை அவற்றுக்கு ஒரு படி மேலான விலையில் வருகின்றன. 3 எஸ் 2200 பேக் பொதுவாக ஆயிரத்துக்கும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இடையில் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்த தொகையையே ஒப்பிட வேண்டும். வரி சேராத விலையைப் பெரிய எழுத்தில் காட்டும் தளங்கள் உண்டு.

இந்தக் கடைகளுக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவதற்குக் காரணம் விலை அன்று. அடுத்த ஆண்டும் அதே அளவில், அதே கனெக்டரோடு இன்னொரு பேக் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். ரோபோவின் உடலில் பேட்டரிக்கென்று வெட்டிய குழி ஒரு குறிப்பிட்ட நீள அகலத்துக்கானது. மூன்று மில்லிமீட்டர் நீளமான மாற்றுப் பேக் வந்தாலும் அது உள்ளே போகாது. சரக்கு வேகமாக விற்று மாறும் கடை என்பதும் முக்கியம், ஏனெனில் லிப்போ அலமாரியில் கிடக்கும்போதும் முதுமை அடைகிறது. தள்ளுபடி விலையில் தரப்படும் பேக்கின் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு எழுதுங்கள். பதில் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தேடும்போது ரோபோ என்று தேடாமல், பந்தய டிரோன்களுக்கான பேக்குகள் என்று தேடுவது நல்லது. பந்தய டிரோனும் சண்டை ரோபோவும் பேட்டரியிடம் கேட்பது ஒன்றையேதான்: சில நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். விவசாய டிரோன் பேக்குகளும் படமெடுக்கும் டிரோன் பேக்குகளும் நீண்ட நேரப் பறத்தலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் சி எண் குறைவாகவே இருக்கும். ‘ரோபோவுக்கு ஏற்றது’ என்ற குறிப்போடு வரும் பேக்குகளும் பல சமயம் கோடு தொடரும் சிறு வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையே.

இணையக் கடைகளின் குறை, நேரம். தனியாகப் பொதி செய்த லித்தியம்-அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. ஆகவே உள்நாட்டுக் கடைகள் பெரும்பாலும் சாலை வழியாகவே அனுப்புகின்றன. ‘விரைவு அனுப்பல்’ என்று கட்டணம் கட்டினாலும் கம்பியும் கனெக்டரும் முன்னால் வந்துசேர, பேட்டரி தனிப் பொதியாகப் பின்னால் வரும் அனுபவம் பலருக்கும் உண்டு. போட்டித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுவது உத்தமம்.

பொதி வந்தவுடன் பிரித்துப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எடை: விற்பனைப் பக்கத்தில் சொன்ன எடையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், சொன்ன கொள்ளளவும் இருக்காது. அடுத்து, ஒவ்வொரு செல்லிலிருந்தும் வெளிவரும் மெல்லிய பேலன்ஸ் கம்பியில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க வேண்டும். கிடங்கில் சரியாக வைக்கப்பட்ட செல் 3.8 வோல்ட்டை ஒட்டி இருக்கும், செல்களுக்கிடையே 0.03 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அல்லது எந்தச் செல்லாவது 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்யாமலேயே திருப்பி அனுப்புங்கள். சார்ஜ் செய்துவிட்டால் அந்த ஆதாரம் போய்விடும். பேக்கின் தட்டையான பக்கத்தை மேசைமேல் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தால் உப்பலும் தெரிந்துவிடும். பொதி பிரிப்பதைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்தவர்களுக்கே மாற்றுப் பேக் எளிதில் கிடைக்கிறது.

அடுத்தது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும். சிலிகான் உறையிட்ட கம்பி, எக்ஸ்டி கனெக்டர்கள், ஹீட் ஷ்ரிங்க், நிக்கல் பட்டை, பிஎம்எஸ் எனப்படும் பேட்டரிப் பாதுகாப்புப் பலகைகள், சார்ஜருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். இந்த உதிரிகளுக்கு இணையத்தைவிட அந்தத் தெருவே எனக்குப் பிடித்தமானது. கையில் வாங்கி, வளைத்துப் பார்த்து, தேவையான நீளத்துக்கு வெட்டி வாங்கலாம். தயாரான லிப்போ பேக்கைப் பொறுத்தவரை கதை வேறு. சில கடைகளில் கிடைக்கிறது; ஆனால் வகைகள் குறைவு, எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாத பேக்குகளும் உண்டு. சட்டைப்பையில் சிறு மல்டிமீட்டரோடு போய், கடையிலேயே செல்களை அளந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அதுவே பதில்.

அந்தத் தெருவிலும் இணையச் சந்தைகளிலும் ஒருசேரக் குவிந்துகிடக்கும் ஏமாற்று ஒன்று இருக்கிறது: 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்த உருளைக்குள், பெயர்பெற்ற நிறுவனங்களின் வழக்கமான தயாரிப்புகளே 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன. அதிக மின்னோட்டம் தரும் வகைகள் 2500 முதல் 3000 வரை. உண்மையான செல் 45 கிராமை ஒட்டி எடை இருக்கும். பொய்ச் செல்லைக் கையில் எடுத்தாலே இலேசாகத் தெரியும். பழைய மடிக்கணினிப் பேக்கிலிருந்து உரித்த செல்கள் நேர்மையானவையாக இருக்கலாம், ஆனால் அவை மணிக்கணக்கில் மெதுவாகத் தருவதற்காகச் செய்யப்பட்டவை. ஆயுத மோட்டாருக்கு முன்னால் அவை திணறிப் போகும். கைவிளக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

செல் வாங்கிச் சொந்தமாகப் பேக் கட்டுவது மலிவா என்பது பலரும் கேட்கும் கேள்வி. தைவானின் மோலிசெல் நிறுவனத்தின் பி42ஏ என்ற 21700 செல்லை எடுத்துக்கொண்டால், 4200 எம்ஏஎச், 45 ஆம்பியர், 70 கிராம் என்பவை அதன் அளவுகள். நான்கை வரிசையாக இணைத்தால் 280 கிராமில் 45 ஆம்பியர் கிடைக்கும். அதாவது கிராமுக்கு 0.16 ஆம்பியர். மேலே சொன்ன 850 எம்ஏஎச் லிப்போவை 75 சி என்று கொண்டால், அச்சிட்ட 64 ஆம்பியரில் பாதியை மட்டும் நம்பினாலும் 100 கிராமில் 32 ஆம்பியர், கிராமுக்கு 0.32. சரியாக இரண்டு மடங்கு. ஆகவே ஒன்றரை கிலோ வகுப்பில் உருளைச் செல்லுக்கு வேலையில்லை. எடையில் தாராளம் உள்ள 8 கிலோ வகுப்பில், குறிப்பாக ஆயுதத்தைவிட ஓட்டத்தை நம்பும் ஆப்பு வடிவ இயந்திரங்களில், அது நல்ல தேர்வு. எஃகு உறை இருப்பதால் உள்ளே தெறிக்கும் திருகாணிக்கு எளிதில் கிழியாது, சார்ஜ் சுழற்சிகளும் லிப்போவைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் கட்டும் வேலையில்தான் காசும் கவனமும் போகின்றன. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.15 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் அகலமுள்ள நிக்கல் பட்டை ஒன்று ஏழெட்டு ஆம்பியருக்கு மேல் சூடேறத் தொடங்கிவிடும். 45 ஆம்பியருக்குப் பல அடுக்குகள் அல்லது செம்புப் பட்டை மேல் நிக்கல் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். நிக்கல் என்று விற்பதில் பாதி, நிக்கல் பூசிய இரும்பு. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டால் துரு பிடிப்பதிலிருந்து தெரிந்துவிடும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைப்பது செல்லைப் பொசுக்கிவிடும் என்பதால் பட்டையைப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டர் கட்டாயம். அந்தக் கருவி கல்லூரியிலோ மின் வாகனப் பழுதுக் கடையிலோ இருந்தால் இந்த வழியில் இறங்கலாம். அதற்கென்று புதிதாக வாங்கினால் மலிவு என்ற பேச்சே போய்விடும்.

கம்பியில்லாத் துளைக்கருவிகளின் பேக் இன்னொரு குறுக்குவழி. 21 வோல்ட் என்று விற்கப்படும் மலிவுப் பேக்கைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்து 18650 செல்கள் வரிசையாக இருக்கும். 21 என்பது முழுச் சார்ஜில் வரும் எண், நடைமுறையில் 18 வோல்ட்தான். 48 விஎஃப், 88 விஎஃப் என்று ஒட்டியிருப்பவையும் உள்ளே அதே ஐந்து செல்களாக இருப்பதைப் பார்க்கலாம். அந்த எண்களுக்கும் வோல்ட்டுக்கும் தொடர்பில்லை. செல்கள் மோட்டாருக்காகவே செய்யப்பட்டவை என்பதால் மோசம் என்று சொல்ல மாட்டேன். உள்ளேயிருக்கும் பாதுகாப்புப் பலகைதான் சிக்கல். மின்னோட்டம் எல்லையைத் தாண்டினால் அது கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. துளைக்கருவியில் அது பாதுகாப்பு, அரங்கத்தில் அது தோல்வி. அசையாமல் நிற்கும் இயந்திரத்துக்கு நடுவர் எண்ணத் தொடங்கிவிடுவார். மின்மிதிவண்டிப் பேக்குகளுக்கும் தயாரான பிஎம்எஸ் பேக்குகள் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சிறு பழங்கதை. டிவால்ட் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த 36 வோல்ட் கருவிகளின் பேக்கில், ஏ123 நிறுவனத்தின் 26650 வகைச் செல்கள் பத்து இருந்தன. செல்லாகத் தனியே வாங்குவதைவிடப் பேக்கை வாங்கி உடைப்பது மலிவாக இருந்ததால், அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் அதையே செய்தார்கள். தீப்பற்றும் அபாயம் குறைவு, மின்னோட்டம் அபாரம். ஏ123 நிறுவனம் 2012இல் திவால் மனு கொடுத்தது. அதே வேதியியல் இன்று நம் சந்தையில் வேறு உருவத்தில் கிடைக்கிறது: 32700 என்ற தடித்த உருளை, 6000 எம்ஏஎச், 140 கிராம், மலிவான விலை. ஆனால் அது சூரிய விளக்குக்கும் மின் வாகனத்துக்குமான 3 சி செல். 18 ஆம்பியர்தான் தரும். நான்கு சேர்ந்த பேக் 560 கிராமைத் தாண்டும், கிராமுக்கு 0.03 ஆம்பியர். சண்டைக்கு ஆகாது. மாறாக, மைதானத்தில் மின்சாரம் நம்பகமில்லாத இடங்களில் சார்ஜருக்கு மின்சாரம் ஊட்டவும் ஓட்டுநர் பயிற்சிக்கும் இதைவிட மலிவான பொருள் இல்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைச் சுமந்து 8 கிலோ வகுப்பில் இறங்கும் அணிகளை இன்னும் பார்க்க முடிகிறது. எடையில் நான்கில் ஒரு பங்கைப் பேட்டரிக்கே கொடுத்துவிட்டு வெல்வது கடினம்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் முடக்கப்பட்டது. பிற தளங்களில் விலை கவர்ச்சியாக இருந்தாலும், பேட்டரிக்கென்று தனியான அனுப்பும் கட்டணம், சுங்கம், அதன் மேல் வரி என்று சேர்ந்தால் ஓர் அணிக்குத் தேவையான மூன்று நான்கு பேக்குகளில் மிச்சம் ஏதும் நிற்பதில்லை. பழுதான பேக்கைத் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். மேலும், இந்தியாவில் விற்கும் கையடக்கச் சாதன லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரப்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு வேண்டும். லேபிளில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பொழுதுபோக்குப் பேக்குகள் எல்லாவற்றிலும் இது இருப்பதில்லை. இருக்கும் பேக்குக்கு நான் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பேன்.

15 கிலோ வகுப்புக்குக் கணக்கு மாறுகிறது. ஐஐடி மும்பையின் டெக்ஃபெஸ்ட் போன்ற பெரிய விழாக்களுக்குப் போகும் அணிகள் 6 எஸ் 5000 பேக் ஒன்றை வாங்குவதே வழக்கம். அதற்குப் பதிலாக 6 எஸ் 2500 அளவில் இரண்டை இணையாக வைப்பதை நான் விரும்புகிறேன். மொத்த விலை சற்றுக் கூடும். ஆனால் ஒரு செல் கெட்டால் போவது பாதிதான், ஆயுதத்தின் இரு பக்கமும் பிரித்து வைத்து எடையைச் சமன் செய்யலாம். பயணத்திலும் ஓர் ஆதாயம் இருக்கிறது. விமானத்தில் உதிரிப் பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஒருவருக்கு இரண்டு. 6 எஸ் 5000 பேக் 111 வாட்-மணி. 6 எஸ் 2500 வெறும் 55.5. முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் வைத்தால் சோதனை வாயிலில் பேச்சு நீளாது. இணையாக இணைக்கும் முன் இரண்டின் மின்னழுத்தமும் சமமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் இணைத்த கணத்தில் ஒன்று மற்றொன்றுக்குள் கட்டுப்பாடின்றிப் பாயும்.

பேட்டரியில் மிச்சம் பிடித்த காசு போக வேண்டிய இடம் சார்ஜர். ஐமாக்ஸ் பி6 என்ற நீலப் பெட்டியின் போலிகள் எங்கும் கிடைக்கின்றன. ஸ்கைஆர்சி நிறுவனத்தின் அசல் பி6 தருவதே 50 வாட்தான். 850 எம்ஏஎச் பேக்குக்கு அது போதும். 6 எஸ் 5000 பேக்கை ஒரு மணி நேரத்தில் ஏற்ற 126 வாட் வேண்டும்; 50 வாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் ஆகும், அதற்குள் அடுத்த சண்டைக்கு அழைப்பு வந்துவிடும். செல்வாரியாக உள்தடையைக் காட்டும் சார்ஜரை வாங்கினால் அதுவே தரச் சோதனைக் கருவியும் ஆகிவிடுகிறது. புதிய பேக்கின் எண்களைப் பேக்கின் மேலேயே எழுதி வையுங்கள். அறை வெப்பநிலையில் அளந்து, இரண்டு மடங்கானதும் சண்டையிலிருந்து எடுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். டிரோன் பந்தயக்காரர்கள் ஒதுக்கிய பேக்குகளையும் இதே முறையில் அளந்து, உப்பல் இல்லாதவற்றை மிகக் குறைந்த விலைக்குப் பயிற்சிக்காக வாங்கலாம். சண்டைக்கு வேண்டாம்.

போட்டி முடிந்து திரும்பிய பேக்கை முழுச் சார்ஜில் வைத்தால் நம் கோடை அதை ஒரு பருவத்திலேயே முதுமையாக்கிவிடும், செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். மலிவுச் சார்ஜர்களின் டிஸ்சார்ஜ் வேகம் 5 வாட் என்பதால், 6 எஸ் 5000 பேக்கை முழுச் சார்ஜிலிருந்து பாதிக்கு இறக்க அது ஏறத்தாழ 11 மணி நேரம் எடுக்கும். 12 வோல்ட், 55 வாட் கார் முகப்பு விளக்குகள் இரண்டைத் தொடராக இணைத்து, கண்ணெதிரே மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எரியவிட்டால் அரை மணி நேர வேலை. அரங்கத்தில் நேரடியாக அடி வாங்கிய பேக்கை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், திறந்த வெளியில் சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே சார்ஜரில் இணைக்க வேண்டும்.

உப்பிய பேக்கைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. அதே விளக்குகளில் முழுவதும் காலியாகும் வரை எரியவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி முனைகளில் டேப் ஒட்டுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலும் இறக்குமதியாளர் மேலும் வைத்திருக்கின்றன. வாங்கும்போதே பழைய பேக்கை எங்கே கொடுப்பது என்று கடைக்கு எழுதிக் கேளுங்கள். கல்லூரி அணிகள் ஒன்றாகச் சேர்த்து, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒரே பொதியாகக் கொடுத்தால் அலைச்சல் குறையும்.